உள்ளடக்கிய கல்வி: இத்தாலி, பின்லாந்து, இங்கிலாந்து, இந்தியா... எதை வைத்து ஒப்பிடுவது?

#1 · பலகைக்குறிப்பு

மாற்றுத்திறன் குழந்தைகளை மற்ற பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படிக்கவைப்பது பற்றிப் பேச்செடுத்தால் போதும், யாராவது ஒருவர் "பின்லாந்தைப் பாருங்கள்" என்பார். அடுத்தவர் "இத்தாலியில் சிறப்புப் பள்ளியே கிடையாது, தெரியுமா" என்பார். இரண்டு நாடும் ஒரே வேலையைச் செய்வதுபோல் பேச்சு போகும். உள்ளே போய்ப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட எதிரெதிர்.

கொள்கைத் தாளை மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. 1994இல் ஸ்பெயினின் சலமாங்கா நகரில் 92 அரசுகள் கூடி, எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுப் பள்ளிதான் என்று அறிக்கை வெளியிட்டன. 2006இல் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கை வந்தது. அதன் 24ஆம் பிரிவு இதை உரிமையாக்கியது. ஆனால் யுனெஸ்கோவின் 2020ஆம் ஆண்டு உலகக் கல்வி அறிக்கை, நாடுகளின் சட்டங்களைப் பிரித்துப் பார்த்தபோது, 25 விழுக்காடு நாடுகளின் சட்டத்தில் தனியிடக் கல்விக்குத்தான் ஏற்பாடு இருந்தது. உள்ளடக்கிய கல்வியை நேராகச் சொன்னவை 17 விழுக்காடு. மற்றவற்றில் பெரும்பாலானவை இதிலும் கொஞ்சம் அதிலும் கொஞ்சம்.

அதனால் சட்டத்தின் முன்னுரையை விட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வியை வைத்து ஒப்பிடலாம் என்று நினைக்கிறேன். பணமும் ஆளும் எதன் பின்னால் போகின்றன? குழந்தையின் குறைபாட்டுச் சான்றிதழுக்குப் பின்னாலா, பள்ளிக்குப் பின்னாலா?

இத்தாலியில் சான்றிதழ் வந்தால்தான் கூடுதல் ஆசிரியர் வருவார். இங்கிலாந்திலும் பெரிய உதவி வேண்டுமானால் பெயர் போட்ட ஆவணம் வேண்டும். பின்லாந்தில் அப்படியில்லை. அங்கே ஒவ்வொரு பகுதியிலும் சிறப்புக் கல்வி படித்த ஆசிரியர் பள்ளிக்குள்ளேயே இருக்கிறார். வாசிப்பில் தடுமாறும் பிள்ளை வாரத்தில் சில மணி நேரம் அவரிடம் போய்வரும். அதற்கு மருத்துவர் கையெழுத்து தேவையில்லை. ஐந்தில் ஒரு பிள்ளைக்கு மேல் இப்படிப் பகுதிநேர உதவி பெறுகிறது என்பதால் போய்வருவதில் வெட்கமும் இல்லை. ஆனால் அதே பின்லாந்தில் சிறப்பு வகுப்புகளும், குறைந்துகொண்டே வந்தாலும், சிறப்புப் பள்ளிகளும் இன்னும் இருக்கின்றன. இதைச் சொன்னால் "பின்லாந்தைப் பார்" கோஷ்டிக்குக் கோபம் வரும்.

என் கட்சி இதுதான்: சான்றிதழுக்குப் பின்னால் பணம் போகும் நாட்டில், சட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், குழந்தை தனியாகத்தான் உட்காரும். மறுப்பவர்கள் வாருங்கள்.

#2 · வடக்குஇத்தாலி

வந்துவிட்டேன். பாதி மறுப்பு, பாதி ஒப்புதல்.

இத்தாலி 1977இல் 517ஆம் எண் சட்டம் மூலம் சிறப்பு வகுப்புகளைக் கலைத்தது. இப்போது சான்றிதழ் பெற்ற பிள்ளைகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் பொதுப் பள்ளியில்தான். துணை ஆசிரியர் என்று ஒருவர் வருவார். சட்டப்படி அவர் அந்தக் குழந்தைக்கு ஆசிரியர் இல்லை, மொத்த வகுப்புக்கும் இணை ஆசிரியர். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார், எல்லாப் பிள்ளைகளுக்கும் மதிப்பெண் தருவதில் அவருக்கும் பங்கு உண்டு. இதை நினைத்தவர்களுக்கு ஒரு கும்பிடு.

நடப்பு வேறு. என் பெண் படித்த வகுப்பில் நான் பார்த்தது: கணக்கு வகுப்பு ஆரம்பித்ததும் துணை ஆசிரியர் எழுந்து, அந்தப் பையனையும் அழைத்துக்கொண்டு நடைக்கூடத்து மேசைக்குப் போய்விடுவார். கணக்கு ஆசிரியருக்கு அது பெரிய நிம்மதி, முகத்திலேயே தெரியும். செப்டம்பரில் பள்ளி திறந்தால் வேறொரு துணை ஆசிரியர். பலர் ஒப்பந்தத்தில் வருகிறவர்கள். சிறப்புப் பயிற்சி முடிக்காமலே அந்த நாற்காலியில் உட்காருகிறவர்களும் நிறைய. நிரந்தர வேலைக்கு அது ஒரு வாசல் என்று வந்து, இடம் கிடைத்ததும் பொது ஆசிரியராக மாறிப்போகிறார்கள்.

ஆனாலும் உங்கள் கட்சியில் ஒரு ஓட்டை இருக்கிறது, பலகைக்குறிப்பு சார். அரை நூற்றாண்டாகப் பிரித்துவைக்காமல் இருந்ததால் இங்கே வந்த மாற்றம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. "இந்தப் பிள்ளை ஏன் என் மகள் வகுப்பில்?" என்று பெற்றோர் கூட்டத்தில் ஒருவர்கூடக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்கலாம் என்றே யாருக்கும் தோன்றுவதில்லை.

இன்னொன்று. 2016இல் இங்குள்ள அரசியல் சாசன நீதிமன்றம் 275ஆம் எண் தீர்ப்பைத் தந்தது. மாற்றுத்திறன் மாணவர்களைப் பள்ளிக்கு அழைத்துவரும் செலவைப் பற்றிய வழக்கு. "நிதி இருக்கும் அளவுக்குத் தருவோம்" என்று ஒரு பிராந்திய அரசு சட்டத்தில் எழுதிவைத்திருந்தது. உரிமைக்கு ஏற்ப வரவுசெலவுத் திட்டம் வளைய வேண்டும், திட்டத்துக்கு ஏற்ப உரிமை வளையக் கூடாது என்று நீதிமன்றம் அந்த வரியை நீக்கியது. இப்படி ஒரு தீர்ப்பு எத்தனை நாட்டில் இருக்கிறது?

#3 · லீட்ஸ்அம்மா

இங்கிலாந்துப் பக்கம் நான் சொல்கிறேன். என் மகனுக்கு ஆட்டிசம்.

இங்கே 1978இல் சிறப்புக் கல்வி பற்றிய வார்னாக் குழு அறிக்கை, 1981இல் சட்டம், பிறகு 2014இல் புதுச் சட்டம். அந்தப் புதுச் சட்டப்படி கல்வி, உடல்நலம், பராமரிப்பு மூன்றையும் சேர்த்து ஒரே திட்ட ஆவணம். 25 வயது வரை செல்லும். கேட்க அழகாக இருக்கும். விண்ணப்பித்து 20 வாரத்தில் தர வேண்டும் என்பது சட்டம். சமீப ஆண்டுகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் அந்தக் கெடுவுக்குள் கிடைக்கிறது. இல்லை என்று உள்ளாட்சி மன்றம் சொன்னால் தீர்ப்பாயம் போகலாம். அங்கே முடிவு வரை போகும் வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை பெற்றோர் பக்கமே சாய்கின்றன. அப்படியென்றால் மறுத்ததே தவறு என்றுதானே அர்த்தம்? ஆனால் படிவம் நிரப்பவும் ஆதாரம் திரட்டவும் நேரமும் மொழியும் இருக்கிறவர்கள்தான் அதுவரை போகிறார்கள். மற்ற அம்மாக்கள் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

இதற்கு அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு ஆகும் கூடுதல் செலவில் முதல் 6,000 பவுண்டைப் பள்ளி தன் நிதியிலிருந்தே போட வேண்டும். அதற்கு மேல்தான் வெளிப்பணம். எனவே நன்றாகக் கவனிக்கும் பள்ளிக்கு நஷ்டம். "எங்களால் முடியாதுங்க" என்று மென்மையாகக் கைவிரிக்கும் பள்ளிக்கு லாபம். எங்களுக்கு முதலில் அமைந்தது இரண்டாவது வகை.

சரி, ஆவணம் வந்தது, உதவியாளர் வந்தார். தங்கமான பெண். ஆனால் ஆசிரியர் என் மகனிடம் பேசுவதே நின்றுவிட்டது! "அவனுக்குப் புரிந்ததா?" என்று உதவியாளரிடம்தான் கேட்பார். அவன் கை தூக்கினால் உதவியாளர் குனிந்து பதில் சொல்லிவிடுவார். 2009இல் லண்டன் கல்வியியல் நிறுவனத்தின் ஆய்வுக் குழு இதைத்தான் பெரிய அளவில் கண்டது: உதவியாளரோடு அதிக நேரம் இருந்த பிள்ளைகள், அதேபோன்ற மற்ற பிள்ளைகளைவிடக் குறைவாகவே முன்னேறினார்கள். குறை உதவியாளர்களிடம் இல்லை, அவர்களைப் பயன்படுத்தும் விதத்தில்தான் என்று அந்தக் குழுவே சொன்னது. நானும் அதையே சொல்வேன்.

#4 · மூன்றாம்வரிசை

எல்லாரும் விழுக்காடு சொல்கிறீர்கள். அந்த விழுக்காட்டைக் கொஞ்சம் கவனியுங்கள்.

அமெரிக்காவில் பொதுப் பள்ளிப் பிள்ளைகளில் சுமார் 15 விழுக்காடு சிறப்புக் கல்விச் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். இந்தியாவில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கண்ட மாற்றுத்திறனாளிகள் 2.21 விழுக்காடு. அமெரிக்கக் குழந்தைகள் ஏழு மடங்கு பலவீனமா? அங்கே டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புச் சிரமத்தையும் எண்ணுகிறார்கள், இங்கே வாசல் வரை வந்த கணக்கெடுப்பாளர் கண்ணுக்குத் தெரிந்ததை எழுதினார். வகுக்கும் எண்ணே வேறு. அப்புறம் எப்படி ஒப்பிடுவது?

ஜெர்மனிதான் இதற்கு நல்ல பாடம். 2009இல் அந்த ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றார்கள். அதற்குப் பிறகு, சிறப்புத் தேவை உள்ளவர்களில் பொதுப் பள்ளியில் படிப்பவர்களின் பங்கு நன்றாக ஏறியது. கைத்தட்டல். ஆனால் மொத்தப் பிள்ளைகளில் சிறப்புப் பள்ளிக்குப் போகிறவர்களின் பங்கு கொஞ்சம்தான் குறைந்தது. இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும்? ஏற்கெனவே பொதுப் பள்ளியில் இருந்த பிள்ளைகள் மேல் புதிதாக முத்திரை குத்தினார்கள். "சேர்க்கப்பட்டோர்" எண்ணிக்கை கூடிவிட்டது. சிறப்புப் பள்ளியிலிருந்து வெளியே வந்தவர்கள் சொற்பம். அந்தப் பள்ளிகளை முடிப்பவர்களில் பெரும்பாலோருக்குக் கடைநிலைப் பள்ளிச் சான்றிதழ்கூடக் கிடைப்பதில்லை. சிறப்புப் பள்ளிகளைப் பெரும்பாலும் மூடிய பிரெமன் மாநிலம் ஒரு கோடி, அவற்றை வைத்துக்கொண்ட பவேரியா மறுகோடி. ஜெர்மனி என்று ஒரே நாடாகப் பேசுவதே சிரமம்.

ஜப்பானும் அப்படித்தான். பிள்ளைகளின் எண்ணிக்கை குறைகிறது, சிறப்பு வகுப்புகள் பெருகுகின்றன. 2022 ஏப்ரலில் கல்வி அமைச்சகம், சிறப்பு வகுப்புப் பிள்ளைகள் வாரத்தில் பாதி நேரமாவது அங்கேயே இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. செப்டம்பரில் ஐ.நா. குழு அதைத் திரும்பப் பெறச் சொன்னது. அமைச்சகம் அசையவில்லை.

ஆகவே யாராவது சேர்க்கை விழுக்காட்டைக் காட்டினால், தனியாக வைக்கப்பட்டவர்கள் மொத்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் என்று திருப்பிக் கேளுங்கள். முத்திரையைக் கூட்டிக் குறைத்து அந்த எண்ணை மாற்றுவது கஷ்டம்.

#5 · ஹூஸ்டன்காரன்

முத்திரையைக் குறைத்த கதை வேண்டுமா? எங்கள் மாநிலத்தில் இருக்கிறது.

அமெரிக்காவின் 1975 சிறப்புக் கல்விச் சட்டம் நீதிமன்றப் போராட்டத்தில் பிறந்தது. 1972இல் மாற்றுத்திறன் பிள்ளைகளின் கல்விக்காகப் பென்சில்வேனியா, வாஷிங்டன் டி.சி. வழக்குகள், அவற்றுக்கு முன்னால் பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்ற 1954 பிரவுன் தீர்ப்பு. அதனால் இங்கே எல்லாமே தனிப்பட்ட பிள்ளையின் சட்ட உரிமை என்ற வடிவில்தான் இருக்கும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐஇபி என்ற தனித் திட்டம், பெற்றோர் கையெழுத்து, ஒப்பவில்லை என்றால் வழக்கு. கூடுதல் செலவுக்காக, ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 விழுக்காடு வரை தருவோம் என்று மத்திய அரசு அப்போதே சொன்னது. இன்றுவரை அந்த அளவை எட்டியதே இல்லை.

பணம் பற்றாதபோது என்ன ஆகும்? 2004இல் டெக்சாஸ் கல்வித் துறை, ஒரு மாவட்டத்தில் சிறப்புக் கல்வி பெறுவோர் 8.5 விழுக்காட்டுக்கு மேல் போனால் அந்த மாவட்டத்துக்குக் குறை மதிப்பெண் என்று ஒரு அளவுகோல் வைத்தது. அப்போது மாநிலத்தில் 12 விழுக்காடு அளவில் இருந்தது. சில ஆண்டுகளில் 8.5க்கு வந்து நின்றது. பிள்ளைகள் குணமாகிவிடவில்லை, மதிப்பீடு செய்யவே தயங்கினார்கள். 2016இல் ஹூஸ்டன் க்ரானிகிள் நாளிதழ் இதை வெளியே கொண்டுவந்தது, 2018 ஜனவரியில் மத்தியக் கல்வித் துறை சட்டமீறல் என்று உறுதிசெய்தது.

கேலி என்னவென்றால், ஐ.நா. உடன்படிக்கையை அமெரிக்கா 2009இல் கையெழுத்திட்டதோடு சரி, செனட் இன்னும் ஏற்கவில்லை. ஏற்காத நாட்டில் ஒரு தாய்க்குக் கிடைக்கும் சட்ட ஆயுதம், ஏற்ற பல நாடுகளில் கிடையாது.

#6 · விரல்மொழி

இந்த இழையில் யாருமே கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். எல்லாரும் "ஒரே வகுப்பு" என்பதை நல்லது என்று எடுத்துக்கொண்டே பேசுகிறீர்கள். நான் காது கேளாதவன். பொதுப் பள்ளியிலும் படித்தேன், சிறப்புப் பள்ளியிலும் படித்தேன்.

பொதுப் பள்ளியில் முன்வரிசை எனக்கு. ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் பாடம் முடிந்தது. வகுப்பே சிரிக்கும், நானும் சிரிப்பேன், எதற்கென்று தெரியாது. இதற்குப் பெயர் சேர்ப்பா? சிறப்புப் பள்ளி விடுதியில்தான் எனக்கு மொழியே கிடைத்தது. அதுவும் ஆசிரியரிடமிருந்து வரவில்லை, மூத்த மாணவர்களிடமிருந்து வந்தது.

வரலாற்றைப் பாருங்கள். 1880இல் மிலானில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, வகுப்பில் சைகை மொழி கூடாது என்று தீர்மானம் போட்டது. வாக்களித்தவர்கள் அநேகமாக எல்லாரும் காது கேட்பவர்கள். நூறாண்டுக்கு மேல் அது உலகத்தைப் பிடித்து ஆட்டியது. 2010இல் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடுதான் வருத்தம் தெரிவித்தது. நீங்கள் கும்பிடு போட்ட இத்தாலி, 1970களிலிருந்தே பிள்ளைகளைப் பொதுப் பள்ளிக்கு அனுப்பியது. ஆனால் இத்தாலியச் சைகை மொழியைச் சட்டத்தில் ஏற்றது 2021இல். நடுவில் நாற்பது வருடத்துக்கு மேல், பல காது கேளாத பிள்ளைகள் தங்கள் மொழி பேசும் இன்னொரு பிள்ளையைப் பார்க்காமல் ஒரு வகுப்பில் உட்கார்ந்திருந்திருக்கும். ஸ்வீடன் 1981லேயே சைகை மொழியை ஏற்று, இருமொழிப் பள்ளியாகச் சிறப்புப் பள்ளிகளை வைத்துக்கொண்டது. என்னைக் கேட்டால் அதுதான் உள்ளடக்கிய கல்வி.

24ஆம் பிரிவை முழுக்க வாசியுங்கள். சைகை மொழி கற்க வழிசெய்வதும், காது கேளாத சமூகத்தின் மொழி அடையாளத்தை வளர்ப்பதும் அதிலேயே இருக்கிறது. உலகக் காது கேளாதோர் கூட்டமைப்பும் சைகை மொழிப் பள்ளிகளை மூடாதீர்கள் என்றுதான் சொல்லிவருகிறது.

#7 · பலகைக்குறிப்பு

விரல்மொழி, சைகை மொழி விஷயத்தில் உங்களோடு வாதிட எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் வாதத்தை எடுத்துக்கொண்டு, அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளின் தனிப் பள்ளிகளையும் காப்பாற்ற வருகிறவர்கள் உண்டு. காது கேளாத பிள்ளை இன்னொரு காது கேளாத பிள்ளையிடம் மொழி கற்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைக்கு அப்படித் தனி மொழி ஏதும் இல்லை. பேச்சுக் கற்கச் சுற்றிலும் பேசும் பிள்ளைகள்தான் வேண்டும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

லீட்ஸ்அம்மா சொன்ன உதவியாளர் கதைக்கு மறுபக்கம் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணம். 1986இல் ஒரு சட்டத்திருத்தம், 2013இல் 322ஆம் எண் கொள்கை. தனி வகுப்பு, தனிப் பள்ளி கூடாது என்று நேராகவே எழுதியிருக்கிறார்கள். பள்ளிகளில் வள ஆசிரியர் என்று ஒருவர் உண்டு. அவருடைய முதல் வேலை வகுப்பாசிரியரோடு உட்கார்ந்து பாடத்தை மாற்றியமைப்பது. பிள்ளையை அழைத்துக்கொண்டு நடைக்கூடத்துக்குப் போவது இல்லை. அங்கும் ஆசிரியர்கள் திணறுகிறார்கள், சங்கங்கள் குரல் கொடுக்கின்றன. ஆனால் சண்டை பெரும்பாலும் ஆள் போதவில்லை என்பதற்கு. பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு அவ்வளவாக இல்லை.

போர்ச்சுகல் இன்னும் துணிச்சல். 2018ஆம் ஆண்டின் 54ஆம் எண் ஆணைச் சட்டம், குறைபாட்டு வகைப்பாட்டையே எடுத்துவிட்டது. உதவிக்கு முன்நிபந்தனையாக நோய்ப்பெயர் தேவையில்லை. பள்ளிக்குள் பல்துறைக் குழு, மூன்று நிலையில் உதவி. பழைய சிறப்புப் பள்ளிகள் பல ஏற்கெனவே வள மையங்களாகி, அங்கிருந்த நிபுணர்கள் பொதுப் பள்ளிகளுக்குப் போய்வருகிறார்கள். சிறப்புப் பள்ளியை மூடினால் அந்த அனுபவம் எங்கே போகும் என்ற கேள்விக்கு நான் பார்த்ததில் உருப்படியான பதில் இதுதான்.

#8 · நாற்பதாம்பக்கம்

சிங்கப்பூரை விட்டுவிட்டீர்கள். கட்டாயக் கல்விச் சட்டம் 2003 முதல் நடப்பில் இருந்தாலும், மிதமான, கடுமையான சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகள் 2019இல்தான் அதற்குள் வந்தார்கள். அவர்களுக்கென்று அரசு நிதியில் தனிப் பள்ளிகள், நல்ல வசதியோடு. பிரித்துவைத்து நன்றாகக் கவனிப்பது, சேர்த்துவைத்துக் கவனிக்காமல் விடுவது இரண்டில் ஒன்றைக் கொடுத்தால் பெரும்பாலான பெற்றோர் முதலாவதைத்தான் எடுப்பார்கள். நானும்தான். கொள்கைக்காரர்களுக்கு இது பிடிக்காது.

#9 · சுண்ணாம்புக்கை

நாற்பதாம்பக்கம் அண்ணா, இந்தியாவில் நிறையப் பேருக்கு நீங்கள் சொன்ன இரண்டில் முதலாவது கையில் இல்லவே இல்லை. நான் இங்கே அரசுத் திட்டத்தில் சிறப்பாசிரியர்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. அதன் 31ஆம் பிரிவு, 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியோ விரும்பும் சிறப்புப் பள்ளியோ, இலவசக் கல்வி என்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம், கடுமையான பாதிப்பு உள்ள பிள்ளைக்கு வீட்டிலிருந்தே கல்வி என்ற வழியையும் சேர்த்தது. மூன்று கதவு. பார்க்கப் பெருந்தன்மைதான். ஆனால் பொதுப் பள்ளித் தலைமையாசிரியருக்கு மூன்றாவது கதவு ரொம்ப வசதி. "வீட்டிலேயே இருக்கட்டும், பெயர் பதிவேட்டில் இருக்கும்" என்று பேச்சு முடிந்துவிடும். அந்த வீட்டுக்கு நான் போகும் நாள் அந்தப் பிள்ளைக்குப் பள்ளி நாள், மற்ற நாளெல்லாம் விடுமுறை. அவ்வளவுதான்.

எங்களில் பெரும்பாலோர் வட்டார வள மையத்தில் இருந்துகொண்டு பள்ளி பள்ளியாகச் சுற்றுகிறவர்கள், தொகுப்பூதியம். நான் பள்ளிக்குள் நுழைந்ததும் வகுப்பாசிரியர் "உங்க பையன் அங்கே இருக்கான்" என்பார். என் பையன்! ஆண்டு முழுவதும் அவர் வகுப்பில் இருக்கிற பிள்ளை அது. ஒருநாள் பார்வை குறைந்த ஒரு சிறுமியின் வினாத்தாளைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுத்தேன். அடுத்த தேர்வுக்கு வகுப்பாசிரியை தானே எடுத்திருந்தார், நான் கேட்காமலே. அந்த வருடத்தில் நான் செய்த உருப்படியான வேலை அந்த ஒரு தாள் என்றுதான் சொல்வேன்.

இங்கே சான்றிதழுக்குப் பின்னால்கூடப் பணம் போவதில்லை, ஆசிரியரும் போவதில்லை. உதவித்தொகையும் உபகரணமும் மட்டும் போகின்றன. 2021இல் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறப்புத் தேவை உள்ள தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல்வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று வரையறுத்தது. 2025 மார்ச்சில், பணியிடங்களை உருவாக்கி அறிவியுங்கள், ஏற்கெனவே தற்காலிகமாக வேலை பார்ப்பவர்களின் தகுதியைப் பரிசீலியுங்கள் என்று எல்லா மாநிலங்களுக்கும் மறுபடி உத்தரவு போட்டது. எங்கள் ஆசிரியர் குழுக்களில் பேச்செல்லாம் எத்தனை பணியிடம், யாருக்கு நிரந்தரம் என்றுதான் ஓடுகிறது. எனக்கும் அந்தக் கவலை உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பலகைக்குறிப்பு சாரின் கேள்வியை அங்கே யாரும் கேட்கவில்லை: அந்த இடம் வட்டாரத்தின் பெயரில் வருமா, பள்ளியின் பெயரில் வருமா? வட்டாரத்தின் பெயரில் வந்தால் எண்ணிக்கை எவ்வளவு கூடினாலும் நாங்கள் பேருந்தில்தான் இருப்போம். நியமன அறிவிப்பு வரும்போது நான் முதலில் பார்க்கப்போவது அந்த ஒரு வரியைத்தான்.